புயலுக்குப் பாகுபாடு தெரியாது, எச்சரிக்கைக்கு?

மாணவர்களே, புயல் ஆண், பெண் என்று பார்த்து வீசுமா? வீசாது. ஆனாலும் 1991 ஏப்ரல் 29 இரவு வங்காளதேசத்தைத் தாக்கிய புயலில் மாண்டவர்களின் கணக்கு வேறு கதை சொல்கிறது. ஏறத்தாழ 140,000 பேர் உயிரிழந்தனர். 20 முதல் 44 வயதுக்குட்பட்டோரில், ஆயிரம் ஆண்களுக்கு 15 பேர் இறந்தனர். ஆயிரம் பெண்களுக்கு 71 பேர் இறந்தனர். ஏன் இந்த வேறுபாடு?

முதலில் அறிவியலைப் பார்ப்போம். புயலில் பெரும்பாலான உயிர்களைப் பறித்தது காற்று அன்று, கடல்நீர். பலத்த காற்று கடல்நீரைக் கரையை நோக்கித் தள்ளுகிறது. வங்காள விரிகுடாவின் வடபகுதி ஆழம் குறைந்தது. புனல்போல் குறுகிச் செல்வது. தள்ளப்பட்ட நீர் பரவ இடமின்றி உயர்கிறது. அன்றிரவு அது சுமார் 6 மீட்டர் உயர்ந்தது. இரண்டு மாடி வீட்டின் உயரம்!

கடல் எவ்வளவு உயர்ந்தது என்பதை இயற்பியல் விளக்கிவிடும். யார் தப்பினார் என்பதை விளக்க, அன்றாட வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். எச்சரிக்கை பெரும்பாலும் சந்தையிலும் பொது இடங்களிலும் இருந்த ஆண்களையே முதலில் எட்டியது. வீட்டிலிருந்த பெண்கள் கணவர் வரட்டும் என்று காத்திருந்தனர். பிள்ளைகளையும் முதியவர்களையும் கால்நடைகளையும் விட்டு ஓட முடியவில்லை. நீச்சல் தெரிந்த பெண்கள் குறைவு. நனைந்த சேலை காலைச் சுற்றியது. பெண்களுக்குத் தனி அறையும் கழிவறையும் இல்லாத புயல் காப்பகத்தில் ஆண்கள் கூட்டத்தோடு தங்கப் பலர் தயங்கினர்.

இவற்றில் எதுவும் இயற்கை விதி அன்று. ஆகவே மாற்ற முடியும். வங்காளதேசம் மாற்றத் தொடங்கியது. புதிய காப்பகங்களில் பெண்களுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டது. சிலவற்றில் கால்நடைகளுக்கும் இடம் கிடைத்தது. பெண் தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று எச்சரித்தனர். 2007-இல் அதே அளவு கடுமையான சிதர் புயல் வந்தது. இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். அப்போதும் பெண்களே அதிகம் இறந்தனர். வேலை முடியவில்லை என்பதற்கு அதுவே சான்று. இன்று அந்நாட்டின் புயல் முன்னெச்சரிக்கைத் திட்டத்தில் 70,000-க்கும் மேற்பட்ட தொண்டர்கள் உள்ளனர். ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள்.

பூமி சூடாகும்போது இந்த வேலை இன்னும் அவசரமாகிறது. வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் மழை கனக்கும். கடல்மட்டம் உயர்வதால் புயல் தள்ளும் நீரும் மேலும் உள்ளே புகும். கரியமில வாயுவைக் குறைப்பதோடு, எச்சரிக்கை எல்லாரையும் எட்டுகிறதா என்று பார்ப்பதும் பருவநிலை நடவடிக்கையே.

நம் நாட்டிலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெள்ளம் வருகிறது. இந்த வாரம் உங்கள் வீட்டில் ஒரு சிறு ஆய்வு செய்யுங்கள். வெள்ள எச்சரிக்கை வந்தால் முதலில் யாருடைய கைப்பேசிக்கு வரும்? அவர் வேலைக்குப் போயிருந்தால் பாட்டிக்கு யார் சொல்வார்? அருகிலுள்ள துயர் துடைப்பு மையம் எது என்று அம்மாவுக்குத் தெரியுமா? விடைகளை எழுதி வகுப்பில் ஒப்பிட்டுப் பாருங்கள்.