மாஸ்க் வெட்டும் இயந்திரம்: எதைப் பார்த்து வாங்குவது?

பிளாஸ்டிக் மாதிரி விமானங்களுக்கும் டாங்கிகளுக்கும் ஏர்பிரஷ்ஷால் வண்ணம் அடிக்கும்போது, வண்ணம் படக்கூடாத இடத்தை ஒட்டுத்தாளால் மூடுவதே மாஸ்கிங். விமானி அறைக் கண்ணாடியின் மெல்லிய சட்டங்கள், டயரும் சக்கர வட்டும் சேரும் விளிம்பு, இறக்கையில் வரும் நாட்டுச் சின்னம், பக்கவாட்டில் உள்ள குறியீட்டு எழுத்துகள் எல்லாவற்றுக்கும் இது தேவைப்படும். சின்னங்களையும் எழுத்துகளையும் தண்ணீரில் நனைத்து ஒட்டும் டீக்கால்களாலும் போடலாம். ஆனால் டீக்காலின் அடியில் காற்று தங்கினால் படலம் வெள்ளியாக மினுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். மாஸ்க் வைத்து அடித்த எழுத்து, நிஜ விமானத்தில் உள்ளதைப் போலவே வண்ணப் பூச்சாக நிற்கிறது.

பிரபலமான மாதிரிகளின் கண்ணாடிக்கும் சக்கரத்துக்கும் செக் நாட்டு எடுவார்ட், போலந்தின் மான்டெக்ஸ் போன்ற நிறுவனங்கள் வெட்டிய மாஸ்க்குகளையே விற்கின்றன. அவை போதும் என்பவர்களுக்கு இயந்திரம் தேவையில்லை. குறிப்பிட்ட ஒரு விமானத்தின் எழுத்துகளைத் தானே வரைந்து வெட்ட விரும்புபவருக்குத்தான் அது பயன்படும்.

ரேடியம் ஸ்டிக்கர் கடைகளில் இருக்கும் பிளாட்டரின் சின்ன வடிவமே இந்தப் பொழுதுபோக்கு இயந்திரம். உருளைகள் தாளை முன்னும் பின்னும் நகர்த்த, கத்தி இடவலமாக ஓடுகிறது. மேலுள்ள ஒட்டுப்படலம் மட்டும் அறுபட்டு, அடித்தாள் முழுசாக இருக்க வேண்டும். பிறகு வேண்டாத துண்டுகளை ஊசியாலோ சாமணத்தாலோ எடுத்துவிடுவார்கள்.

இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் முடிவு செய்ய வேண்டியது, வெட்டப்போகும் மிகச் சிறிய உருவத்தின் அளவு. இரண்டாம் உலகப் போர்க்கால ஸ்பிட்ஃபயர் பலவற்றில் குறியீட்டு எழுத்து 24 அங்குல உயரமும் 4 அங்குலக் கோட்டு அகலமும் கொண்டது. 1/32 அளவு மாதிரியில் அது 19 மில்லிமீட்டர் உயரமும் 3.2 மில்லிமீட்டர் கோடும் ஆகும், 1/72-ல் 8.5 மில்லிமீட்டர் உயரமும் 1.4 மில்லிமீட்டர் கோடும்தான். இவை இரண்டையும் பெரும்பாலான இயந்திரங்கள் வெட்டிவிடும். வால் பக்கத்தில் வரும் வரிசை எண்ணின் கதை வேறு. அதன் உயரம் 8 அங்குலம், கோடு 1 அங்குலம். 1/32-ல் கோடு 0.8 மில்லிமீட்டர் வரும். நல்ல கத்தியும் பொறுமையும் இருந்தால் முடியும். 1/72-ல் 0.35 மில்லிமீட்டர் ஆகிவிடுவதால் துண்டு கத்தியோடு இழுபட்டுச் சுருண்டுகொள்ளும். அங்கே டீக்காலே சரி.

விளம்பரங்கள் முன்னிறுத்தும் வெட்டும் அகலமும் அழுத்தமும் இந்த வேலைக்கு அவ்வளவு முக்கியமில்லை. மாஸ்க் பெரும்பாலும் உள்ளங்கை அளவைத் தாண்டுவதில்லை. 8 அங்குல அகலமுள்ள சில்ஹவுட் போர்ட்ரெய்ட் தாராளம். 12 அங்குல கேமியோ, பெரிய ஸ்டிக்கர் வேலையும் செய்பவருக்கு உதவும். பல கிலோ அழுத்தம் தோலுக்கும் மெல்லிய மரத்தகட்டுக்கும் வேண்டும். மாஸ்கிங் டேப்புக்கு அதில் சிறு பங்கே போதும். அழுத்தத்தையும் வேகத்தையும் சிறு சிறு படிகளாகக் குறைக்க முடிகிறதா என்பதே பார்க்க வேண்டியது.

அடுத்தது கத்தி. இவ்வகை இயந்திரங்களில் கத்தியின் முனை அதன் அச்சுக்கு நேர்கீழே இருப்பதில்லை. சூட்கேஸின் சுழல் சக்கரம் போல அச்சுக்குப் பின்னால் இழுபட்டு, போகும் திசைக்குத் தானே திரும்பிக்கொள்கிறது. இந்த இடைவெளியை மென்பொருள் கணக்கிட்டு ஈடுசெய்கிறது. கணக்கு தவறினால் சதுரத்தின் மூலை உருண்டுவிடும். சின்ன வட்டம் தொடங்கிய இடத்தில் வந்து சேராது. ஆகவே கத்தியை மாற்ற முடிகிறதா, நுண்வேலைக்கான 60 டிகிரிக் கத்தி அதற்குக் கிடைக்கிறதா என்று விசாரிப்பது நல்லது.

மென்பொருளில்தான் நிறுவனங்கள் பெரிதும் வேறுபடுகின்றன. சில்ஹவுட் ஸ்டுடியோவின் இலவசப் பதிப்பு இணையம் இல்லாமலே வேலை செய்யும். ஆனால் எஸ்விஜி என்ற வரைபடக் கோப்பு வகையைத் திறக்காது. இங்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் வரைந்ததை டிஎக்ஸ்எஃப் ஆக மாற்றித் தர வேண்டும், அல்லது கட்டணப் பதிப்பு வாங்க வேண்டும். கிரிகட் எஸ்விஜியை இலவசமாக ஏற்கும். ஆனால் கணக்கு தொடங்கி, பெரும்பாலும் அதன் இணையச் சேவையோடுதான் இயங்க வேண்டும். 2021 மார்ச்சில் அந்நிறுவனம், சந்தா கட்டாதவர்கள் மாதம் 20 படங்களுக்கு மேல் ஏற்ற முடியாது என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டது. சொந்தமாக வரைபவர் இதை மனதில் வைக்க வேண்டும். பிரதரின் ஸ்கேன்என்கட்டில் ஸ்கேனர் உள்ளேயே இருக்கிறது. கண்ணாடிச் சட்டத்தின் மேல் டேப்பை ஒட்டி, பென்சிலால் விளிம்பைத் தேய்த்தெடுத்து, தாளில் பரப்பி ஸ்கேன் செய்தால் கணினி இல்லாமலே வெட்டலாம்.

வெட்டும் பொருளும் முடிவை மாற்றும். மஞ்சள் நிற ஜப்பானிய வாஷி டேப் வளைவில் படிந்து ஒட்டும் என்பதால் கண்ணாடிக்கு ஏற்றது. ஒராமாஸ்க் போன்ற வினைல் படலம் எழுத்துகளுக்குக் கூரான விளிம்பு தரும். ஆனால் இறுக்கமான வளைவில் ஓரம் தூக்கிக்கொள்ளும். ஏ, ஓ, டி போன்ற எழுத்துகளின் நடுத்துண்டு இடம் மாறாமல் இருக்க, முழு மாஸ்க்கையும் டிரான்ஸ்ஃபர் டேப்பில் ஒரே தூக்காக எடுத்து ஒட்ட வேண்டும். கத்திக்குப் பதில் லேசரால் வெட்டும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் பிவிசி வினைலை அதில் வெட்டவே கூடாது: சூட்டில் நச்சான ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும்.

வாங்கும் முன் இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால், பயன்படுத்தப்போகும் டேப்பிலேயே 5, 3, 2, 1 மில்லிமீட்டர் வட்டங்களையும் சதுரங்களையும் வெட்டச் சொல்ல வேண்டும். வட்டம் மூடிச் சேர்கிறதா, மூலை கூராக இருக்கிறதா, அடித்தாள் அறுபடாமல் இருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பார்க்கலாம். அதே கோப்பை இரண்டாவது முறை வெட்டி, முதல் துண்டின் மேல் வைத்தால் விளிம்புகள் பொருந்த வேண்டும். இந்தச் சோதனையில் தேறும் சிறிய இயந்திரம், தேறாத பெரிய இயந்திரத்தைவிட மாதிரி செய்பவருக்கு மேலானது.