ஒரே காது, வேறு வேறு கட்டணம்



காப்பார் வட்டாரத் தோட்டப் பள்ளியொன்றில் நாம் பாடம் நடத்திய வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டாம் முறைதான் திரும்பிப் பார்ப்பான். சிறு வயது முதலே அவன் இடது காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தது. செவிப்பறையில் ஓட்டை, ஆபரேஷன் தேவை என்றார் மருத்துவர். பெற்றோர் இரண்டு தனியார் மருத்துவமனைகளில் விசாரித்தார்கள். ஓரிடத்தில் சொன்ன தொகை மற்ற இடத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு! "நம்மை ஏமாற்றுகிறார்களோ?" என்று கலங்கிய தாயார், தாலிக்கொடியை அடகு வைக்கவும் துணிந்துவிட்டார். அவருடைய கேள்விக்கு இன்று விடை காண்போம்.

முதலாவது, காது ஆபரேஷன் என்பது ஒன்றல்ல. செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கினால் சிறு குழாய் பொருத்துவார்கள். அது சிறிது நேர வேலை. ஓட்டையை அடைக்க, நோயாளியின் காதுக்கு மேலிருந்தே மெல்லிய சவ்வை எடுத்து ஒட்டுவார்கள். நோய் காதுக்குப் பின்னுள்ள எலும்பை அரித்துவிட்டால், அதைக் குடைந்து சுத்தம் செய்ய மணிக்கணக்காகும். பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு உட்செவியில் மின்கருவி பொருத்துவதுமுண்டு. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 1995ஆம் ஆண்டில் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியது. அதில் கருவியின் விலையே பல்லாயிரம் வெள்ளி. ஆகவே, ஆபரேஷனின் பெயர் தெரியாமல் விலையை ஒப்பிடுவதில் பொருளில்லை.

இரண்டாவது, தனியார் மருத்துவமனையின் பில் பல துண்டுகளால் ஆனது. அறுவை மருத்துவர் கட்டணம், மயக்க மருந்து கொடுப்பவர் கட்டணம், அறுவை அறை, நுண்ணோக்கிக் கருவி, மருந்து, படுக்கை, செவிப் பரிசோதனை, ஸ்கேன் என்று அது நீளும். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த 2006ஆம் ஆண்டு விதிகள், மருத்துவர் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதித்தன. ஆனால் அறை, மருந்து, பொருள்களுக்கு அந்த வரம்பு இல்லை. ஒருவர் சொல்லும் தொகையில் ஸ்கேன் சேர்ந்திருக்கும்; மற்றவர் சொல்வதில் சேர்ந்திராது. வேறுபாடு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

மூன்றாவது, அரசாங்க மருத்துவமனை. கிள்ளானில் உள்ள தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே செலவில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 வெள்ளி. அரசாங்கச் சுகாதார நிலையத்துக் கடிதத்தோடு போனால் நிபுணரைப் பார்க்கவும் கட்டணம் மிகக் குறைவு. மூன்றாம் வகுப்புப் படுக்கைக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி. உள்ளே பொருத்தும் கருவிகளுக்குத் தனியாகப் பணம் கட்ட நேரலாம். கட்ட முடியாதவர்கள் அங்குள்ள மருத்துவச் சமூக நல அதிகாரியைக் காணட்டும். அரசாங்க மருத்துவ உதவி நிதிக்கு வழி காட்டுவார். இங்கே நாம் கொடுக்கும் விலை காத்திருப்பு. மாதக் கணக்கில் முறைக்காகக் காத்திருக்க நேரும்.

சரி, என்ன செய்யலாம்? மூன்று கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள்: ஆபரேஷனின் பெயர் என்ன? இந்தத் தொகையில் எவையெவை அடங்கும்? காத்திருந்தால் ஆபத்து உண்டா? தனியார் மருத்துவமனையில் மதிப்பீட்டுத் தொகையை முன்கூட்டியே கேட்டறிய நமக்கு உரிமை உண்டு. வெட்கப்படாமல் கேளுங்கள். மில்லில் இரைச்சலால் காது மந்தமானவர்கள் சொக்சோவிலும் விசாரியுங்கள்.

ஒன்று மட்டும் மறவாதீர்கள். சீழ் வடியும் காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள். காதுக்குப் பின்னால் வீக்கம், முகம் கோணுதல், கடும் தலைவலியோடு காய்ச்சல், தலைசுற்றல் இவற்றில் எது கண்டாலும் விலை விசாரித்து நிற்க வேண்டாம்; உடனே அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். சீழ் மூளைவரை பரவக்கூடும்.

அந்தப் பையனின் பெற்றோர் மூன்றாவது கேள்வியைக் கேட்டார்கள். "அவசரமில்லை, ஆனால் விட்டுவிடாதீர்கள்" என்று பதில் வந்தது. காத்திருந்து அரசாங்க மருத்துவமனையிலேயே ஆபரேஷன் செய்துகொண்டார்கள். தாலிக்கொடி தாயார் கழுத்திலேயே இருக்கிறது. பையனும் இப்போது முதல் அழைப்பிலேயே திரும்பிப் பார்க்கிறான்.