ஒரு கணினியிற் பல தபாற் கந்தோர்

கல்லூரிக்கு ஓர் ஆள்களப் பெயர். பழைய மாணவர் சங்கத்துக்கு வேறொன்று. கடல் கடந்த கிளைச் சங்கம் விரும்பின் அதற்கும் ஒன்று. இவை அனைத்துக்கும் வரும் மின்னஞ்சலை ஒரே கணினி ஏற்றுப் பகிர்ந்தளித்தல் கூடுமோ என மாணவர் சிலர் நம்மை வினாவினர். கூடும். தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்பார்க்கு, பெயர் வேறு, பெயருடையான் வேறு என்பது இலக்கணம் பயின்றார்க்குப் புதிதன்று என்பதே நம் விடை.

சங்கத்துக்கு எழுதப்பெறும் கடிதங்கள் செயலாளரின் சொந்த முகவரிக்குச் செல்லுமாயின், அவர் பதவி நீங்குங்கால் நன்கொடை, புலமைப்பரிசில், சந்தா பற்றிய பல்லாண்டுக் கடிதங்களும் அவருடனேயே நீங்கிவிடும். ஆதலின் முகவரி ஆளுக்கன்றிப் பதவிக்கு உரியதாதல் வேண்டும்.

பழைய முறையிற் கடிதப்பெட்டி வேண்டுவோர் ஒவ்வொருவருக்கும் அக்கணினியிலேயே ஒரு கணக்குத் திறக்கப்பட்டது. ‘செயலாளர்’ என்னும் பெயரில் ஒரு கணக்கே இருத்தல் கூடுமாதலால், கல்லூரிச் செயலாளருக்கும் சங்கச் செயலாளருக்கும் வரும் கடிதங்கள் ஒரே பெட்டியில் வீழும். மெய்நிகர் பயனர் முறை இவ்விடரை நீக்குவது. இதில் ஆள்களமும் பெயரும் சேர்ந்த முழு முகவரியே ஒருவரின் அடையாளம். அவருக்குப் பெட்டி உண்டு. கணினியினுட் புகும் உரிமை இல்லை. எல்லாப் பெட்டிகளையும் உள்நுழைய இயலாத ஒரே தொகுதிப் பயனர், காவலாளி போல, வைத்திருப்பார். செயலாளர் மாறினாற் கடவுச்சொல்லை மாற்றினாற் போதும். பெட்டியும் பழைய கடிதங்களும் அங்கேயே இருக்கும்.

வீற்சே வெனமா ஆக்கி 1998 இல் வெளிவந்த போஸ்ற்பிக்ஸ் கடிதத்தை ஏற்கும். டிமோ சிரைனன் ஆக்கி 2002 இல் வெளிவந்த டவ்கொற் அதனைப் பெட்டியிலிட்டு, உரியவர் கேட்குங்காற் கொடுக்கும். ஆள்களங்களுக்கு ஓர் அட்டவணை, முகவரிகளுக்கு ஓர் அட்டவணை. கடவுச்சொற்களோ மீட்டறிய இயலாத குறிகளாக மாற்றியே வைக்கப்படும். ஒரே ஆள்களத்தைக் கணினியின் சொந்தப் பட்டியலிலும் மெய்நிகர்ப் பட்டியலிலும் எழுதுதல் ஆகாது; எழுதின், உள்ள முகவரிக்கு வந்த கடிதமும் ‘அப்படி ஒருவர் இல்லை’ எனத் திரும்பும்.

கடவுச்சொல்லின்றி வெளியூருக்குக் கடிதம் அனுப்ப எவரையும் விடலாகாது. விடின், குப்பை அஞ்சல் விடுப்போர் விரைவில் அக்கணினியைத் தமதாக்குவர்; பின்னர் நம் கடிதங்களையும் பிறர் ஏலார். சங்கச் செயலாளர் கல்லூரி அதிபரின் முகவரியை இட்டு எழுதாதவாறும் தடுத்தல் வேண்டும்.

ஆள்களந்தோறும் கடிதம் வரவேண்டிய கணினியைச் சுட்டும் எம்.எக்ஸ். பதிவு, விடுக்கும் உரிமை எக்கணினிக்கு உண்டு எனும் எஸ்.பி.எவ். பதிவு, டி.கே.ஐ.எம். கையொப்பம் ஆகிய மூன்றும் வேண்டப்படும். பின்னாளிற் கிளைச் சங்கமொன்று சேருங்கால் அட்டவணையில் ஒரு வரி எழுதினால் மாத்திரம் போதாது. இம்மூன்றையும் அதற்கெனத் தனியே செய்தல் வேண்டும்.