வேரின் கையிருப்பு

பகாங் மாநிலத்து ரிங்லெட்டைக் கடந்து கேமரன் மலை ஏறுவோர் காணும் தேயிலைச் சரிவுகளில் ‘போ’ தோட்டம் மூத்தது. 1929-இல் ஜான் ஆர்ச்சிபால்டு ரசல், இலங்கையில் தொழில் பழகிய மில்னுடன் சேர்ந்து அதைத் தொடங்கினார். உலக வணிகம் சரியத் தொடங்கிய ஆண்டு அது. நட்ட தேயிலையோ மூன்று ஆண்டுகளாவது வருவாயின்றி நிற்கும்.

அந்தக் காத்திருப்பில்தான் செடியின் கட்டமைப்பு உருவாகிறது. நுனிமொட்டு இருக்கும்வரை பக்கமொட்டுகள் அடங்கிக் கிடக்கும். நுனியை வெட்ட அவை விழித்துக் கிளைக்கும். இப்படி வெட்டி வெட்டியே, மரமாக ஓங்கவேண்டிய தேயிலை இடுப்பளவில் அகன்று படர்கிறது. முதலாண்டிலேயே கொழுந்துக்கு ஆசைப்பட்டால் ஒல்லிச் செடிதான் மிஞ்சும். பின்னர் உரமிட்டும் அகலம் வராது.

வளர்ந்த செடிக்கும் ஓர் அளவு உண்டு. இலை சமைக்கும் சர்க்கரையின் ஒரு பங்கு மாப்பொருளாக வேரில் சேர்கிறது. சில ஆண்டுகளுக்கொருமுறை கவாத்து வெட்டும்போது இலையிழந்த செடி அதை உண்டே துளிர்க்கும். எனவே தேர்ந்த துரைமார் கவாத்துக்கு முன் பென்சில் பருமனுள்ள வேரை நறுக்கி அயோடின் கரைசல் இடுவர். கருநீலமாக மாறினால் வெட்டலாம். நிறம் ஏறாவிட்டால் கொழுந்து பறிப்பதை நிறுத்திச் செடிக்கு ஓய்வு தரவேண்டும். மீறி வெட்டினால் கிளைகள் நுனியிலிருந்து காய்ந்து வரும். நிறுவனங்களின் ஆண்டறிக்கையில், விரிவுக்கு முன் கையிருப்பைக் காட்டும் இத்தகைய சோதனை ஒன்று இல்லாதது பெருங்குறை என்பேன்.

விரல்களால் பறித்த காலம் போய்க் கத்தரி வந்தது. சரிவு குறைந்த இடங்களில் இருவர் பிடிக்கும் பொறியும் வந்தது. விரல் இரண்டு இலையும் ஒரு மொட்டும் தேர்ந்தெடுக்கும். பொறிக்கு அந்தக் கண் இல்லை. செடியின் மேற்பரப்பு மேடுபள்ளமானால் முற்றிய இலையையும் சேர்த்து அறுத்துவிடும். மட்டமாகக் கவாத்து செய்த மலையில்தான் பொறியின் விரைவு பலன் தரும். ஆளையும் கிளையையும் பெருக்கிவிட்டுக் கணக்குமுறையையும் பயிற்சியையும் பிறகு பார்க்கலாம் என்னும் இளம் முதலாளிகள் இதைக் கருதுவது நலம்.

பொறுத்து வளர்த்ததன் பலன் மண்ணுக்கும் உண்டு. அடர்ந்து மூடிய தேயிலை மழைத்துளியை நேரே மண்ணில் விழவிடாது. சில மாதங்களில் காசாகும் காய்கறிக்காகத் திருத்திய சரிவுகளோ அறுவடைதோறும் திறந்து கிடக்கின்றன. அங்கும் கட்டுமானத்துக்காக வெட்டிய மேடுகளிலும் கரையும் மண், பெர்த்தாம் ஆற்றை மறித்து 1963-இல் முடிந்த நீர்மின் திட்டத்தின் ரிங்லெட் ஏரியில் படிகிறது. ஏரிக்கு வகுத்த ஆயுள் 80 ஆண்டு. வண்டலுக்கென ஒதுக்கிய கொள்ளளவு அந்தக் கெடுவுக்கு நெடுநாள் முன்னரே நிரம்பிவிட்டது. தூர்வாரும் செலவு மின்நிறுவனமான தெனாகா நேசனலின் தலையில் விழுந்துள்ளது.