ஆயில் குறைகிறதா? இன்ஜினைப் பிரிக்கும் முன் பாருங்கள்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு டூவீலர்தான் கால். "கீழே ஒரு சொட்டுகூட இல்ல, ஆனா ஆயில் குறையுது" என்று மெக்கானிக்கிடம் போனால், "இன்ஜினைப் பிரிச்சு போர் வேலை பண்ணணும்" என்று சொல்லிவிடுவார்கள். ஆயிரக்கணக்கில் செலவாகும் வேலை. அது தேவைதானா என்பதை ஓரளவு நீங்களே பார்த்துவிடலாம்.

முதலில், உண்மையிலேயே குறைகிறதா? சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியில் அளவு தப்பாகத்தான் காட்டும். சமதளத்தில் நேராக நிறுத்தி, சிறிது நேரம் ஓடவிட்டு அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்துப் பாருங்கள். பல 100 சிசி வண்டிகளில் ஆயில் கேஜை மரை திருகாமல் சும்மா வைத்து எடுக்க வேண்டும். திருகினால் ஆழமாக இறங்கி, குறைந்த ஆயிலும் நிறைய இருப்பதுபோலத் தெரியும். உங்கள் வண்டிக்கு எப்படி என்பது கையேட்டில் இருக்கும். இந்த இன்ஜின்கள் பிடிப்பதே சுமார் ஒரு லிட்டர். 200 மில்லி குறைந்தால் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. ஊற்றிய அளவு, தேதி, கிலோமீட்டர் மூன்றையும் எழுதி வையுங்கள்.

தரையில் சொட்டவில்லை என்பதால் லீக் இல்லை என்று ஆகாது. முன்பக்க செயின் ஸ்பிராக்கெட் மூடிக்குள் இருக்கும் ஆயில் சீல் கசிந்தால், செயினுக்குப் போட்ட ஆயில் என்றே நினைத்துக்கொள்வோம். ஆறிய இன்ஜினைத் துடைத்து, இணைப்புகளில் முகப்பவுடர் தூவி பத்து நிமிடம் ஓட்டுங்கள். கசியும் இடம் ஈரமாகக் காட்டிக்கொடுக்கும். ஏர் ஃபில்டர் பெட்டியில் ஆயில் தேங்கியிருந்தால், யாரோ அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம்.

வெளியே எதுவும் இல்லையா? அப்படியானால் உள்ளே எரிகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப்புகை வந்து நின்றால், சந்தேகம் வால்வு ஆயில் சீல் மேல்; அது சின்ன ரப்பர் சாமான், அதற்காக போர் வேலை தேவையில்லை. ஆக்சிலேட்டர் முறுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங்காக இருக்கலாம். கம்ப்ரெஷன் அளந்து, பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அழுத்தம் நன்றாக ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்ந்திருக்கிறது. புது பிஎஸ்-6 வண்டிகளில் புகை கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம்; பிளக்கின் முனை கருப்பாக, எண்ணெய்ப் பிசுக்காக இருக்கிறதா என்று பாருங்கள்.

கடலோரத்தில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டர்தான் காவல். அது கிழிந்தால் மணல்தூசி உள்ளே போய் ரிங்கை அரைத்துவிடும். கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே சுத்தம் செய்யலாம்.

ஆயில் எரியும் வண்டி புகைப் பரிசோதனையில் தேறாமல் போகலாம். மாசு விதிகளை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

வேலை செய்தும் ஆயில் குறைந்தால்? ரசீதும், மாற்றிய பழைய பாகங்களும், நீங்கள் எழுதிய கணக்கும் கையில் இருக்கட்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.