சீனக் கோயிலின் பின்பக்கத்தில் நம்ம நரசிம்மர்

கையுவான் கோயில் முன்வாசலில் ஒரே ஊதுவத்திப் புகை, தள்ளுமுள்ளு. கி.பி. 686இல் எழுந்த பௌத்தக் கோயில் அது. வருகிறவர்கள் புத்தரைக் கும்பிடுகிறார்கள், இரட்டைக் கல் கோபுரத்தைப் படம் எடுக்கிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். நாங்கள் பெரிய மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு நேரே பின்பக்கம் ஓடினோம். தூத்துக்குடிப் பக்கத்து முத்தையாபுரத்திலிருந்து சீனத் துறைமுக நகரமான சுவான்சோவுக்குக் கிளம்பி வந்ததே அந்தப் பின்பக்கத்துக்காகத்தான்!

அங்கே கருங்கல்லில் பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டு நிற்கின்றன. உள்ளங்கை ஓடும் உயரத்திலேயே வட்டம் வட்டமாகச் சிற்பங்கள். இரணியனை மடியில் கிடத்தி வயிற்றைக் கிழிக்கும் நரசிம்மர். இரண்டு மரங்களுக்கு நடுவே கண்ணன். "ஏட்டி, இங்க வா! முதல யானையப் பிடிச்சிருக்கு பாரு!" என்று மைனி போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்ற சீனப் பாட்டி திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார். கஜேந்திர மோட்சமேதான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இவை இங்கே எப்படி வந்தன? மங்கோலியர் ஆண்ட காலத்தில் இந்த ஊரில் தமிழ் வணிகர்கள் இருந்தார்கள், கோயிலும் இருந்தது. சம்பந்தப் பெருமாள் என்பவர் 1281இல், சித்திரை மாதத்தில், மங்கோலியக் கானின் உடல்நலம் வேண்டிச் சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதன் கடைசி வரி சீனம். பிறகு அந்தக் கோயில் இடிந்தது, கற்கள் சிதறின. 1637இல் இந்தப் பௌத்த மண்டபத்தைப் பழுதுபார்த்தவர்கள் அவற்றைத் தூக்கி எறியாமல் பின்பக்கத்தில் நிறுத்திவைத்தார்கள். அவர்களுக்கு நாம் நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

ஊர் என்னவோ திருவிழா போலத்தான் இருக்கிறது. மேற்குத் தெருவில் இளம்பெண்கள் கொண்டையைச் சுற்றி வளையம் வளையமாகப் பூ வைத்துக்கொண்டு போகிறார்கள். பக்கத்து ஷுன்பு மீனவப் பெண்களின் வழக்கமான அலங்காரம் அது. இப்போது சுற்றுலா வருகிறவர்களுக்கெல்லாம் கடையில் வைத்துவிடுகிறார்கள். மைனியும் விடவில்லை, வைத்துக்கொண்டாள். ஷுன்புவில் வீட்டுச் சுவரே சிப்பி ஓடுதான். உள்ளூர்ச் சிப்பியைவிடப் பெரிய ஓடுகள். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிய கப்பல்களில் பாரத்துக்காக ஏற்றி வந்தவை என்கிறார்கள்.

நம்ம ஊர்க்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டியது லுவோயாங் பாலம். 1053இல் தொடங்கி 1059இல் முடித்தது. அலை மோதும் கழிமுகத்தில், 700 மீட்டருக்கும் மேல், முழுக்கக் கல். ஓதம் வற்றியதும் கீழே இறங்கிப் பார்த்தோம். படகின் முன்மூக்குப் போலக் கூராக இருக்கும் கால்களில் சிப்பி அப்பிக் கிடக்கிறது. தானாக ஒட்டியது மட்டுமல்ல. கட்டியவர்கள் வேண்டுமென்றே வளர்த்தது! சிப்பி பெருகப் பெருகக் கல்லும் கல்லும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். சிமெண்ட் இல்லாத காலத்தில் கடல் உயிரையே கொத்தனாராக்கிய அந்த மூளையை என்னவென்று பாராட்டுவது! சிப்பி தேடி மூச்சடக்கிக் குளித்த கரையிலிருந்து வந்த எனக்கு அந்தப் பாலக் காலை விட்டு நகர மனமே வரவில்லை. அப்புறம் தெருவோரத்தில், சர்க்கரைவள்ளி மாவில் முட்டையும் சிப்பியும் போட்டுச் சுட்ட அடையைச் சுடச்சுடத் தின்றோம். அருமை.

மார்க்கோ போலோ இந்த ஊரைச் சைத்தூன் என்று எழுதினார். அலெக்சாண்ட்ரியாவுக்கு மிளகுக் கப்பல் ஒன்று போனால் இங்கே நூறு வரும் என்பது அவர் கணக்கு. நம் முத்துக்குளிப்பைப் பற்றியும் காயல் துறைமுகத்தைப் பற்றியும் எழுதியவர் அவரேதான். முத்தையாபுரத்திலிருந்து திருச்செந்தூர் சாலையில் போனால் வரும் பழையகாயல்தான் அந்தக் காயல் என்கிறார்கள். அங்கே சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்திருக்கின்றன.

சுவான்சோவை 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஜியாமென் வரை விமானம், அங்கிருந்து விரைவு ரயிலில் அரை மணி நேரம்தான். போக முடியாத நம் பிள்ளைகளுக்காகவாவது சம்பந்தப் பெருமாள் கல்வெட்டுக்கு ஒரு படி எடுத்துத் தூத்துக்குடியில் வைக்க வேண்டும். அரசும் துறைமுகமும் மனம் வைத்தால் நடக்கும்.