கடற்கரையூரிற் கணினியின் வெப்பம்

கலோரிமானியில் வெந்நீரை ஊற்றி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியை நோக்கி, நியூற்றனின் குளிரல் விதியை வரைபாக்கிய நாள்களைப் பௌதிகம் பயின்ற பழைய மாணவர் எவரும் மறந்திரார். சூடான பொருள் வெப்பத்தை இழக்கும் வேகம், அதற்கும் சூழலுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது என்பதே அவ்விதி. பொத்துவிலிலே பாடசாலைக் கணினிக் கூடங்களிலும் தொடர்பு நிலையங்களிலும் இன்றும் உழைக்கும் பழைய கணினிகளின் ஆயுள் இவ்விதியோடு எவ்வாறு பிணைந்துள்ளது என்பதை ஈண்டுச் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

கணினியின் புரொசெசருக்கும் ஏனைய உறுப்புகளுக்கும் இடையே தூது செல்லும் சிப்பே சிப்செற் எனப்படும். முன்னர் அது வடபாலம், தென்பாலம் என இரு சிப்புகளாயிருந்தது. நினைவகத்தோடு தொடர்புகொண்ட வடபாலமே பெரிதுஞ் சுட்டது. 2003இல் ஏஎம்டி நிறுவனத்தின் அத்லன் 64உம், 2008இல் இன்ரெல்லின் கோர் ஐ7உம் நினைவகக் கட்டுப்பாட்டைப் புரொசெசருக்குள்ளேயே அமைத்துக்கொண்டன; அதன்பின் சிப்செற்றின் சூடு பொதுவாகக் குறைந்தது. ஆதலின் அண்மைக்காலத் தாய்ப்பலகை உடையோர் பலர் எதையும் மாற்ற வேண்டியதில்லை; தூசியைத் துடைத்தாற் போதும். 2019இல் வந்த எக்ஸ்570 போன்றவை விதிவிலக்கு. அச்சிப்புடைய பலகைகளுட் பலவற்றிற் சிறு விசிறி மீண்டுந் தலைகாட்டியது.

அச்சிறு விசிறிதான் கடற்கரையோர்க்குப் பகை. நாற்பது மில்லிமீற்றர் அகலமே உடையதாய், நிமிடத்துக்குச் சில ஆயிரஞ் சுற்றுச் சுழல்வது அது. அறுகம்குடாப் பக்கத்துக் காற்று உப்பைச் சுமந்து வருவது. ஈரப்பதன் ஏறத்தாழ நூற்றுக்கு 75ஐத் தாண்டினால் உப்பு தானே நீரை ஈர்த்துக் கசியும். அவ்வுப்பீரமும் தூசியும் விசிறியின் அச்சிற் சேர, அது முதலில் முனகும்; பின்னர் நின்றுவிடும். விசிறி நின்றதை அறியாதார், நண்பகலிற் கணினி உறைந்து நிற்பதற்கு வைரசைக் குறைகூறுவர். பலகை பழுதானால் கல்முனைக்கோ கொழும்புக்கோ எடுத்துச் செல்ல வேண்டும். பழைய பலகைக்கு மாற்றுக் கிடைப்பதும் அரிது. எனவே, விசிறியற்றதும் பல தகடுகள் உடையதுமான வெப்பமகற்றியை (கடைகளில் ஹீற்சிங்க் என்பர்) வாங்கிப் பொருத்துவதே தக்கது என்பது எம் கருத்து.

எதை வாங்குவது? செம்பின் வெப்பக் கடத்தாறு ஏறத்தாழ 400; அலுமினியத்தினது 240க்குச் சற்றுக் குறைவு. இதைக் கண்டு செம்பே சிறந்தது எனத் துணிதல் கூடாது. பலகை பெட்டிக்குள் நிமிர்ந்து நிற்பதால், பாரமான செம்பு பக்கவாட்டிற் தொங்கிச் சிப்பை இழுக்கும். செம்பும் அலுமினியமும் சேர்ந்த வகையில், உப்பீரம் பட்டால் அலுமினியம் அரிக்கப்படும். ஆகவே மேலே ஒட்சைட்டுப் படலம் ஏற்றிய, கறுப்போ நீலமோ ஆன அலுமினியமே நம் ஊர்க்கு ஏற்றது. வாங்குமுன் சிப்பின் இரு பக்கத் துளைகளுக்கிடையேயுள்ள தூரத்தையும், அருகிலுள்ள அட்டைகளில் முட்டாத உயரத்தையும் அளந்து கொள்க. துளையில்லாப் பலகைக்கு வெப்பப் பிசின் உண்டு. ஆனால் ஒட்டியபின் கழற்றல் அரிதாகலின், அதனை இறுதி வழியாகவே கொள்க.

வெப்பப் பசை எதற்கு என வினவுவார்க்கு ஒரு கணக்குத் தருகின்றோம். ஒரு சதுரச் சதமமீற்றர்ப் பரப்பினூடே பத்து வாற்று வெப்பம் செல்வதாகக் கொள்க. இடையே 0.1 மில்லிமீற்றர் காற்றுப் படலம் முழுதும் பரந்திருப்பின், காற்றின் கடத்தாறு 0.026 ஆதலின், கணக்குப்படி வேண்டும் வித்தியாசம் ஏறத்தாழ 380 பாகை! சிப்பு அதற்கு நெடுமுன்னரே செயலிழக்கும். கடத்தாறு 4 உடைய பசை அவ்விடத்தை நிரப்பின், வித்தியாசம் இரண்டரைப் பாகையே. ஆயினும் பசையும் உலோகத்தை விடப் பன்மடங்கு தாழ்ந்த கடத்தியே. எனவே பயறளவு போதும். அப்பிப் பூசுதல் கேடு.

பொருத்துமுன் மின்செருகியைக் கழற்றி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை நீக்குக. பழைய வெப்பமகற்றியை நெம்புதல் ஆகாது. சிப்பின் விளிம்பு உடையும். கணினியைச் சிறிது நேரம் இயக்கிப் பசையை இளகச் செய்து, நிறுத்தியபின், பலகையின் பின்புறத்து ஊசிகளைக் குறட்டால் நெருக்கி விடுவித்து, மெல்லத் திருகி எடுக்க வேண்டும். பழம் பசையை ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்து உலர விடுக. புதியதை நேராக இறக்கி, இரு திருகாணிகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குக. தகடுகள் மேல்கீழாக நிற்பின், சூடான காற்று அவற்றிடையே தடையின்றி எழும்.

ஒன்று மறத்தலாகாது. வெப்பமகற்றி சிப்பைச் சூழலினுங் குளிரச் செய்யாது. வித்தியாசத்தைக் குறைக்க மட்டுமே வல்லது. பத்து வாற்றை வெளிவிடும் சிப்பு காற்றினும் 50 பாகை கூடுதலாய் நிற்குமாயின், சராசரி 16 பாகையுள்ள நுவரெலியாவில் அது 66. கச்சான் வீசும் பொத்துவிலின் 34 பாகைப் பகலில் 84. பெட்டிக்குள் அடைபட்ட காற்று இன்னுஞ் சூடு. ஆகவே பொருத்திய வேலையைச் சோதிப்போர் காலையிற் சோதியாது, கச்சான் காலத்து நண்பகலில், பெட்டியை மூடிய நிலையில், இரண்டு மணி நேரம் இயக்கிப் பார்க்க வேண்டும். அப்போதும் கணினி உறையுமாயின், மின்வழங்கியை ஆராய்க.